தெற்கே புடைத்த கோடு

1904 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். நான் நட்டது 214 குச்சி. இன்று காலைப் பூசை முடிந்து ஊரைச் சுற்றி நடந்து எண்ணினேன், மரமாகி நிற்பவை 171.

அன்பு மகன் ஃபௌஸ்தீனோவுக்கு, நம் ஊர் சாந்தா மோனிகாவிலிருந்து உன் அப்பா எழுதுவது. நான் உயிரோடு, கைகால் சுகத்தோடு இருக்கிறேன். உன் நெஞ்சுச் சளி இந்நேரம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன், மாதா உன்னைக் காப்பாளாக. டிசம்பர் 28ஆம் தேதி போட்ட உன் கடிதம் அமெரிக்காவிலிருந்து ஏழு வாரம் கப்பலிலும் தபால் பையிலும் கிடந்து போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில் இரண்டரைப் பக்கம் பனியைப் பற்றி எழுதியிருக்கிறாய். பனி வெள்ளையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த கடிதத்தில் என்ன பாடம் நடக்கிறது, எந்தக் கருவியைக் கையில் கொடுத்தார்கள் என்று எழுது. பள்ளிக்கூடத்து அளவுச் சங்கிலியை நம்பாதே, பத்துப் பேர் இழுத்த சங்கிலி நீண்டிருக்கும், முதலில் அதை அளந்துகொள். கருவியை நிறுத்தியதும் மட்டக் குமிழியை இரண்டு திசையிலும் பார், ஒரு திசையில் பார்த்துவிட்டுக் கண்ணை வைப்பவன் எல்லாம் பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறான். இங்கே சேதி என்று பெரிதாக இல்லை. எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அக்டோபருக்குப் பிறகு ஊரில் காலரா இல்லை. சைகோன் அரிசிதான் இன்னும் சாப்பிடுகிறோம், புழுங்கிய சாக்கு வாசனை போகவில்லை. உன் சிவப்புச் சேவலுக்கு ஒரு கண் போய்விட்டது, குழம்பு வைத்துவிடலாம் என்று உன் பெரியம்மா பாசிலிசா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள், நான் கொடுக்கவில்லை. நீ தங்கியிருக்கும் வீட்டு அம்மாள் உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தது நல்ல காரியம், அவளுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் அவளிடம் உன் அம்மா காய்ச்சலில் இறந்தாள் என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கப் போவதில்லை. காரணம் கடைசிப் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்.

அந்தக் கடைசிப் பக்கத்தை ஆறு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். ‘அம்மா குச்சிகளை நகர்த்திவிட்டுக் கோட்டைத் தாண்டினாள் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், ஒரு பூசணிக் கொடியைக்கூட அடுத்தவன் வேலி மேல் படரவிடாதவள் ஏன் அப்படிச் செய்தாள், நம் இரண்டு பேரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லையா, இங்கே யார் அம்மாவைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது’ என்று எழுதியிருக்கிறாய். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான். இரண்டு வருடமாகத் தெரியும். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, நேராகச் சொல்கிறேன், படித்து முடிக்கும் வரை கடிதத்தைக் கிழிக்காதே. உன் அம்மா ஒரு குச்சியையும் நகர்த்தவில்லை. அந்தக் குச்சிகள் அந்த இடத்தில் இருந்ததற்குக் காரணம் நான்.

நீ அப்போது மணிலாவில் படித்துக்கொண்டிருந்தாய், ஊருக்குள் வர உனக்கு அனுமதிச் சீட்டுக் கிடைக்கவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். 1901 டிசம்பரில் உத்தரவு வந்தது. மலையில் ஒளிந்து சண்டை போட்ட நம் ஆட்களுக்குச் சோறு போவதை நிறுத்த அமெரிக்கப் படை பிடித்த வழி அது. சுற்றுப்பட்டிகளில் இருந்த அத்தனை சனமும் கிறிஸ்துமஸுக்குள் அரிசி, கோழி, பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்துவிட வேண்டும், ஊரைச் சுற்றி ஒரு கோடு, கோட்டுக்கு உள்ளே இருப்பவன் சிநேகிதன், வெளியே இருப்பவன் பகைவன், பகைவனைக் கேட்காமல் சுடலாம். வெளியே விட்டு வந்த நெல்லையும் வீட்டையும் கொளுத்தினார்கள், மூன்று வாரம் வானம் மாலையில் கறுப்பாகவே இருந்தது. ஆயிரத்து எண்ணூறு பேர் இருந்த ஊரில் ஏழாயிரம் பேர். கால்கள் மேல் நிற்கிற நம் வீட்டுத் தரைக்கு அடியில் மட்டும் மூன்று குடும்பம். நிலம் அளக்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான் என்பதால் லெப்டினன்ட் என்னை வரவழைத்தான். இருபத்து நாலு வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசினான், உட்காரச் சொன்னான். கடைசி வீட்டிலிருந்து முந்நூறு கஜம், சுற்றிலும், இருபது கஜத்துக்கு ஒரு குச்சி, ஐந்து நாளில் முடிக்க வேண்டும் என்றான். நான் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்டேன், தெற்கே ஊற்று முந்நூற்று முப்பதாவது கஜத்தில் இருக்கிறது, ஊர்க் கிணறுகள் ஏழாயிரம் பேருக்குத் தாங்காது, அந்த இடத்தில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளலாமா என்று. அவன் உத்தரவுத் தாளைத் திருப்பிக் காட்டினான். இதில் முந்நூறு என்று இருக்கிறது மிஸ்டர் மலபானன், முந்நூற்று ஒன்று என்று இல்லை என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது ஒரு எண், அவ்வளவுதான்.

எனக்குத்தான் கோபம். முப்பத்தைந்து வயது, ஸ்பானியர் காலத்திலேயே உரிமம் வாங்கிய சர்வேயர், ஒரு பையன் எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று கொதித்தது. இவர்களிடம் அளக்கத் தெரிந்தவன் கிடையாது, கண்ணால் பார்ப்பார்கள், வளைந்த கோட்டில் நாற்பது ஐம்பது கஜம் கூடினால் எவனுக்கும் தெரியப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். மூன்று பக்கமும் முந்நூறைப் பிசகாமல் நட்டேன். தெற்கே மட்டும் பதினொரு குச்சியை மெதுவாக வெளியே வளைத்து, ஊற்றைச் சுற்றி, மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். வயிறு புடைத்த இடத்தில் முந்நூற்று நாற்பத்தாறு கஜம். சங்கிலி இழுத்த அம்புரோசியோவுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். குச்சிக்கு என்ன மரம் என்று எவனும் சொல்லவில்லை, நம் ஆட்கள் என்ன வெட்டுவார்கள், வேலிக்கு வெட்டுகிற ககவாத்தேயைத்தான் வெட்டினார்கள், நானும் தடுக்கவில்லை, கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. சுடுவதற்குப் போட்ட கோட்டுக்கு எவனாவது வேர் விடுகிற குச்சியை நடுவானா? நாங்கள் நட்டோம். ஏப்ரலில் நீ வந்தபோது அவை இலை விட்டிருந்தன. யாரோ புது வேலி போட்டிருக்கிறார்கள் என்றாய். நான் திருத்தவில்லை.

ஐந்து வாரம் என் கணக்குப் பலித்தது. தெற்குக் காவல் பரணில் ஒரு வயதான சோல்ஜர் இருந்தான், புகையிலை மெல்லுகிறவன். பெண்கள் காலையில் குடத்தோடு வரிசையாகப் போவதைப் பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்குத் தூரம் தெரியாமல் இல்லை என்று இப்போது புரிகிறது. 1902 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கு ஆள் மாறினார்கள். புதிதாக வந்தவன் துப்பாக்கியில் முந்நூறு என்று குறித்துக்கொண்டு, பார்வைக்கு அந்தத் தூரத்தில் நின்ற ஒரு புளியமரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆறேகாலுக்கு ஒரு வெடிச் சத்தம். நான் ஓடிப்போனபோது உன் அம்மா வெறுங்குடத்துக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். முந்தின நாள் சாம்பல் புதன், கோயிலில் இட்ட சாம்பல் நெற்றியில் இன்னும் இருந்தது. வேதனைப்படவில்லை, அது உண்மை, உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. லெப்டினன்ட் வந்தான், அவளைப் பார்த்தான், அவளுக்கும் அப்பால் நின்ற குச்சிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குச்சி இங்கே எப்படி வந்தது என்றான். நான் நட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. தெரியாது, யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்றேன். அவன் குடத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான், நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினான். குச்சிகளை நகர்த்தி வெளியே சென்றாள் என்று அவன் எழுதுவதை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தினோ. பிறகு முந்நூறாவது கஜத்தில் காய்ந்த மூங்கிலால் புதுக் குச்சி அடிக்கச் சொன்னான், அதையும் நான்தான் அடித்தேன், பழையவற்றைப் பிடுங்கச் சொல்லவில்லை. வெளியே செத்தவளை உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை என்று விழுந்த இடத்திலேயே புதைக்க வைத்தார்கள். பங்குச் சாமியாரின் பதிவேட்டிலும் படையின் தாளைப் பார்த்து அதே வாசகத்தை எழுதினார்கள்.

அப்போது சொல்லியிருந்தால் என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள் அல்லது குவாம் தீவுக்கு நாடு கடத்தியிருப்பார்கள், உனக்கு யாரும் இல்லாமல் போயிருக்கும். இது ஒரு காரணம். சண்டை முடிந்த பிறகும் சொல்லவில்லையே, அதற்குக் காரணம் நீ. போன வருடம் உன்னை அமெரிக்காவுக்கு அனுப்ப விண்ணப்பம் போட்டபோது, தகப்பன் அரசாங்கத்துக்கு விசுவாசமானவன், குற்றம் குறை இல்லாதவன் என்று சான்று வேண்டும் என்றார்கள். கொடுத்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் நீ அங்கே உட்கார்ந்து பனியைப் பற்றி எழுத முடியாது. உன் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை, நீ கேட்கவில்லை, நான்தான் உன்னைப் பிடித்துத் தள்ளினேன். அவள் பெயரைக் கொடுத்து உனக்கு இடம் வாங்கினேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அவள் இருந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ அவள் மேல் கோபமாக இருப்பாய் என்பது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். மாகாணத்துப் புது ரோடு நம் ஊர்த் தெற்குப் பக்கமாகப் போகிறது, அளவு வேலை என்னிடம். அதற்கு மேலாள் ஹாலக் என்று ஒரு அமெரிக்கன், ரோட்டு இன்ஜினியர், கெட்டவன் இல்லை, சாப்பாட்டு நேரத்தில் நம் ஆட்களோடு தரையில் உட்காருவான். போன வியாழக்கிழமை அவனைக் கோயில் மணிக்கூண்டில் ஏற்றி ரோடு போகிற வழியைக் காட்டினேன். ககவாத்தே எல்லாம் இலை உதிர்ந்து பூத்திருக்கிற சமயம். மேலிருந்து பார்த்தால் ஊரைச் சுற்றி வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு வளையம், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி, தெற்கே மட்டும் வயிறு தள்ளிக்கொண்டு. மூங்கில் குச்சிகள் என்றைக்கோ மக்கிப்போய்விட்டன. இரண்டு வருடம் கீழே நடமாடியவனுக்கு மேலிருந்து அது எப்படித் தெரியும் என்று தோன்றவே இல்லை. ஹாலக் சிரித்தான். இவ்வளவு அழகாக வேலி போட்டவன் அந்த இடத்துக்கு வந்ததும் குடித்துவிட்டானா, யார் அவன் என்றான். பின்னால் நின்ற அம்புரோசியோ என் காதுக்குள், ‘சாந்தோண்ணே, தொரை என்னமோ கேக்குறாரு. வாயத் தொறக்கப் போறியா, இல்ல இதையும் யாரோ நகத்திட்டாங்கன்னு சொல்லட்டுமா’ என்றான். இரண்டு வருடத்தில் அவன் அதைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை. நான் போட்டேன் என்று ஹாலக்கிடம் சொன்னேன். அவன் வேடிக்கை என்று நினைத்தான். மறுபடி சொன்னேன், எதற்குப் போட்டது என்றும் சொன்னேன், அங்கே யார் கிடக்கிறாள் என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது. மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு, அது படையின் காரியம், நான் ரோட்டுக்காரன், ரோட்டை ஒரு அடிகூட நகர்த்த முடியாது, அடுத்த வியாழக்கிழமை மண் வெட்டத் தொடங்குகிறார்கள், கல்லறையை எடுத்துக்கொள்ள அதற்குள் ஏற்பாடு செய், ஆட்கள் வேண்டுமானால் தருகிறேன் என்றான். இறங்கும்போது படியில் நின்று, நீ சொன்னதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், எழுத்தில் மட்டும் கொடுக்காதே, வேலையும் போகும் உரிமமும் போகும் என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். இவர்களிடம் எனக்குப் புரியாத விஷயம் இதுதான். ஒவ்வொருத்தனாகப் பார்த்தால் எவன் மேலும் கோபப்பட முடியவில்லை. உத்தரவு ஒருவன் எழுதினான், எண்ணை ஒருவன் காட்டினான், துப்பாக்கியை ஒருவன் பிடித்தான், ரோட்டை ஒருவன் போடுகிறான், ஒருவன் காரியம் மற்றவனுக்குத் தெரியாது.

நேற்று மத்தியானம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எலும்பை எடுக்கும்போது கூடப் பிறந்தவள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் போனேன், அவளிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. உனக்குத்தான் தெரியுமே, எல்லாரும் ஒரு வருடத்தில் துக்கம் கழிப்பார்கள், தங்கை லாலியாவைக் கோயில் மண்ணுக்குக் கொண்டுவரும் வரை கழற்ற மாட்டேன் என்று இன்னும் கறுப்புதான் உடுத்துகிறாள், துவைத்துத் துவைத்து அது சாம்பல் நிறமாகிவிட்டது. வாசலில் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நிற்கவில்லை. முடித்ததும், ‘இவ்வளவுதானா? இதச் சொல்ல ரெண்டு வருஷமா, வாயில என்ன பிசினா ஒட்டியிருந்துச்சு?’ என்றாள். அக்கா, உனக்குத் தெரியுமா என்றேன். ‘எனக்கா? தெக்குத் தெருப் பொம்பள அத்தன பேருக்கும் தெரியும். நீ குச்சி நட்டுட்டு வந்த அன்னிக்கே உன் பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னா, எங்க வீட்டுக்காரரு தொரைக்குத் தெரியாம கோட்டுக்குப் புள்ளத்தாச்சி வயிறு வச்சிருக்காருக்கா, தண்ணி உள்ள வந்துருச்சுன்னு. தினமும் முதக் குடம் அவதான் எடுக்கப் போவா. நாங்கள்லாம் புளியமரத்துக்கு இந்தாண்ட நிக்கணும். அவ போயி, குனிஞ்சு, மொண்டு, குடத்தத் தூக்கிக் காட்டுனாத்தான் நாங்க போறது. ஒருநா நான் முன்னாடி போறேண்டின்னேன். நீ சும்மாயிருக்கா, கோடு என் வீட்டுக்காரரோடது, வெடிச்சா என் மேல வெடிக்கட்டும்னா. அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, அந்த மூதேவி.’ அப்புறம்தான் கத்தியைக் கீழே வைத்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். ‘அவரு தூங்கணும், சொல்லாதன்னு சொல்லியிருந்தா. சொல்லல. நீ தூங்குனியா?’ என்றாள். எழுந்து உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ‘அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் என் புள்ளைங்க மூணும் பொழச்சுது. அதுக்காக உன்ன மன்னிச்சேன்னு நெனச்சுக்காத, தம்பி. அவ பேர்ல எழுதவிட்டியே, அது வேற’ என்றாள். சரி என்றேன். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் நான் நினைத்திருந்ததும் இல்லை. நான் போட்ட கோட்டை நம்பி ஏமாந்து போனாள் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். அவள் ஏமாறவில்லை. கோடு கோணல் என்று அவளுக்குத் தெரியும், என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும் என்றும் தெரியும், ஐந்து வாரம் தினமும் காலையில் அதன் மேல் முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை விட்டாள். வீட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி ஊற்றினாள். நம் இரண்டு பேரையும் நினைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டாயே. நினைத்ததால்தான் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே குச்சியைப் பிடுங்கி உள்ளே நட்டிருப்பேன், ஏழாயிரம் பேரும் அந்த நாற்றக் கிணற்றில் குடித்திருப்பார்கள். இதை எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பேனா முனை சரியில்லை.

ஏப்ரலில் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் தீவுகளுக்கு அமெரிக்கா என்ன செய்தது என்று தலைப்பு, நல்லதாகப் பேசினால் கோடையில் அந்தப் பெரிய பொருட்காட்சிக்கு அழைத்துப் போவார்கள் என்று எழுதியிருந்தாய். பேசு. பள்ளி திறந்தார்கள், அம்மைக்கு ஊசி போட்டார்கள், ரோடு போடுகிறார்கள், உன்னைப் படிக்க வைக்கிறார்கள், எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் சொல். ஸ்பானியனிடமிருந்து நம்மைக் கேட்காமலே நம்மைக் கைமாற்றி வாங்கினார்கள், வேண்டாம் என்றவர்களோடு மூன்று வருடம் சண்டை போட்டார்கள், ஊரைச் சுற்றிக் கோடு போட்டார்கள், அதுவும் உண்மை, அதைச் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். உன்னைத் திருப்பி அனுப்பினால் வா, எருமை இருக்கிறது, சங்கிலி இழுக்க ஆள் வேண்டும். அனுப்பாவிட்டால் படிப்பை முடி. என்னை என்ன செய்வது என்று நீ இப்போதே முடிவு செய்ய வேண்டாம், கோபம் இருந்தால் எழுதி அனுப்பு, ஏழு வாரம் கழித்து வந்தாலும் வாங்கிக்கொள்வேன். ஒன்றே ஒன்று, வீட்டு அம்மாளிடம் காய்ச்சல் என்று சொன்னதை மாற்றிச் சொல். காலுறை பின்னிக் கொடுத்தவளிடம் பொய் வேண்டாம். இரவில் ஈரத் தலையோடு படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. பூசணிக் கொடியைப் பற்றி நீ எழுதியது சரிதான், அவள் அப்படித்தான் இருந்தாள். அவளுடைய ஆசீர்வாதம் உன் தலை மேல் இருக்கட்டும், என்னுடையதையும் ஏற்றுக்கொள்ள மனம் வந்தால் ஏற்றுக்கொள்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை திங்கள், காலை ஆறு மணிக்கு அம்புரோசியோவோடு தெற்கே போய் அந்தப் பதினொரு மரத்தையும் கோணம் தூரத்தோடு மறுபடி அளப்பேன். ரோட்டு வரைபடத்தில் அவற்றை உள்ளபடி குறித்து, போட்டவன் யார் என்று பெயர் எழுதுவேன்.

2. செவ்வாய் காலை உன் அம்மாவைத் தோண்டி எடுப்பேன். ஹாலக் ஆட்கள் வேண்டாம். நான் தோண்டுவேன், பெரியம்மா துணி விரித்து வாங்கிக்கொள்வாள். கோயில் கல்லறையில் வடக்குச் சுவரோரம் இடம் கேட்டிருக்கிறேன், சாமியார் சரி என்றுவிட்டார்.

3. புதன்கிழமை ஊர்த் தலைவரிடம் நடந்ததை எழுத்தில் கொடுப்பேன், ஒரு பிரதி மாகாண அலுவலகத்துக்கு, ஒரு பிரதி உனக்கு. வேலையை எடுத்தால் எடுக்கட்டும். உன் படிப்புக்கு இதனால் கேடு வந்தால் அது என் கையால் வந்த இரண்டாவது கேடு, அதையும் மறைக்க மாட்டேன்.

4. வியாழக்கிழமை மண் வெட்டும்போது அங்கே நிற்பேன். உரிமம் அதுவரை இருந்தால் மட்டம் பார்ப்பேன், இல்லாவிட்டால் சும்மா நிற்பேன்.

5. அன்று மாலை பங்குப் பதிவேட்டைத் திறக்கச் சொல்வேன். உன் அம்மா பெயருக்கு எதிரே உள்ள வாசகத்தை அடிக்கச் சொல்ல மாட்டேன், அவர்கள் எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதன் அடியில் என் கையால் எழுதுவேன்: எவுலாலியா, வயது 34, உத்தரவின் கோட்டுக்குப் பதினேழு கஜம் வெளியே, கணவன் நட்ட குச்சிக்கு இருபத்தொன்பது கஜம் உள்ளே.

உன் அப்பா,
கிரிசாந்தோ மலபானன்